கறிவேப்பிலை மேல் விழுந்த மின்சாரப் பழி

என்னிடம் இருபத்தாறு டயரிகள் இருக்கின்றன. அவற்றில் தெரிந்தே எழுதிய பொய் வரிகள் இரண்டே இரண்டுதான். இரண்டும் எழுபதுகளின் நடுவில், ஒரே குளிர்காலத்தில், ஒரு கறிவேப்பிலைச் செடிக்காக எழுதியவை.

அப்போது நாங்கள் மொன்றியலில், வில்லரே பகுதியில், ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரி, இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய விதவை. மேலே நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகள். நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் ரத்த அணுக்களை எண்ணும் வேலையில் இருந்தேன். என் கணவர் மின்சார எஞ்சினியர். வடக்கே காட்டு ஆறுகளிலிருந்து நகரத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் ராட்சதக் கோபுரங்களுக்குக் கணக்குப் போடுவது அவர் வேலை. லட்சம் வோல்ட்டுக்குக் கீழே இருப்பதை எல்லாம் அவர் மின்சாரமாக மதித்ததே கிடையாது. வீட்டில் பல்பு போனால் நான்தான் நாற்காலி போட்டு ஏறுவேன்.

அதுவரை வீட்டைச் சூடாக்கியது நடைவழியில் இருந்த எண்ணெய் அடுப்பு. எண்ணெய் விலை ஏறியதும் வீட்டுக்காரி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு அறையிலும் சுவரோரமாக நீளமான மின்சார ஹீட்டர்களை மாட்டினாள். வாடகையில் கொஞ்சம் குறைத்தாள். சூட்டின் செலவு இனி எங்கள் மின்சார பில்லில் வரும் என்றாள். எங்களுக்கு அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது, முதல் பில் வரும்வரை.

பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். முதல் பில்லைப் பார்த்து அவர், "தப்பா அனுப்பிட்டாங்க" என்றார். இரண்டாவது அதைவிடப் பெரிதாக வந்தது. அன்று மாலை அவர் சாப்பாட்டு மேசையில், கணக்குப் போடும் ஸ்லைடு ரூலையும் வரைபடத் தாளையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் நீளம், அகலம், உயரம் கேட்டார். நான் சொன்னேன். ஒரு மணி நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, தீர்ப்பைச் சொன்னார்.

"உன் செடிதான்."

அந்தச் செடியைப் பற்றிச் சொல்லவேண்டும். மொன்றியலில் அன்று எந்தக் கடையிலும் கறிவேப்பிலை கிடையாது. என்னோடு லேபில் வேலைபார்த்த கயானாக்காரி ஒருத்தி, ஊரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த விதையைக் காப்பி டப்பாவில் முளைக்கவைத்து எனக்குக் கொடுத்தாள். மூன்று வருடத்தில் அது என் முழங்காலுயரம் வந்திருந்தது. டிசம்பர் முதல் தேதி எண்ணியபோது பத்தொன்பது இணுக்கு இருந்தது. பண்டிகைக்கு ஒன்று, விருந்தாளி வந்தால் பாதி என்று அளந்துதான் கிள்ளுவேன். வெயில் விழும் தெற்கு ஜன்னல் பின்பக்கச் சின்ன அறையில் இருந்ததால் அதை அங்கே வைத்திருந்தேன். அந்த அறை ஹீட்டரின் திருகு எழுபத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருந்தது. எங்கள் படுக்கையறையில் அறுபத்தெட்டுதான். இதை நான் மறைக்கவில்லை.

"நாம போர்வைக்குள்ள நடுங்குறோம், அது அங்க ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கு" என்றார்.

"அந்த ரூம் எவ்வளவு சின்னது! அதுக்கா இவ்வளவு பில்?"

"ரூம் சின்னதுதான். மூணு பக்கம் வெளிச்சுவர். சூடு அப்படியே வெளியில போகுது. கணக்கு பொய் சொல்லாது."

தண்டனையும் அப்போதே முடிவானது. நகரத்தின் இன்னொரு பகுதியான லாசாலில் அவருடைய நண்பர், கணிதப் பேராசிரியர், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தார். அங்கே சூட்டுக்கான செலவு வாடகையிலேயே அடக்கம். குளிர்காலத்தில்கூட ஜன்னலைத் திறந்துவைத்து பனியனோடு உட்கார்ந்திருப்பார்கள். செடியை அங்கே அனுப்பிவிடலாம், வசந்தம் வந்ததும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்றார் இவர்.

பேராசிரியரின் மனைவி நல்லவர்தான். ஆனால் அவர் கறிவேப்பிலைப் பொடி செய்வார். பத்தொன்பது இணுக்கும் ஒரு வறுவலுக்குக்கூடத் தாங்காது. வசந்தத்தில் எனக்குத் திரும்பி வருவது ஒரு குச்சியாகத்தான் இருக்கும்.

"ரெண்டு வாரம் கொடுங்க" என்றேன். "நான் மீட்டரைப் பார்த்து எழுதறேன். செடிதான் காரணம்னா நானே பெட்டியில வச்சு அனுப்பறேன். வேற ஏதாவது காரணமா இருந்தா, அதுக்குத் தண்டனை நான் சொல்றதுதான்."

"சரி" என்றார். தன் வரைபடத் தாளின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மீட்டர் பின்சந்துப் பக்கம், வளைந்து இறங்கும் இரும்புப் படிக்கட்டின் அடியில் இருந்தது. காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே ஓவர்கோட், காலில் பனி பூட்ஸ், கையில் டார்ச் லைட்டும் டயரியுமாக இறங்குவேன். மீட்டரில் ஐந்து சின்னக் கடிகார முகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முள். அவற்றின் கீழே கண்ணாடிக்குள் தட்டையான ஒரு சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும். முள்ளுக்கு எந்த எண் அருகில் இருக்கிறதோ அதைப் படித்து எழுதினேன்.

மூன்றாம் நாள் மாலையில் வந்த எண், காலையில் எழுதியதைவிட எட்டு குறைவாக இருந்தது.

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பகல் பூரா நம்ம வீடு கரண்ட் உற்பத்தி பண்ணியிருக்கு! கம்பெனிக்கு நாம பில் அனுப்பலாம். எல்லாம் உன் செடியோட மகிமை."

"நீங்களே வந்து படிச்சுச் சொல்லுங்க."

வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இந்த மாதிரி சின்ன மீட்டரெல்லாம் நான் பார்க்கறதில்ல" என்று சொல்லி, குளிருகிறது என்று மேலே ஏறிவிட்டார்.

கடைசியில் சொல்லிக்கொடுத்தது கீழ்வீட்டு இத்தாலியக்காரிதான். குப்பை போட வந்தவள் நான் முழிப்பதைப் பார்த்து நின்றாள். அவளுடைய பிரெஞ்சு பாதி இத்தாலி, என்னுடையது பாதி சைகை. ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் வலப்புறமாகப் போட்டாள், அடுத்த வட்டம் இடப்புறமாக, அதற்கடுத்தது மறுபடி வலப்புறமாக. பக்கத்துப் பக்கத்து முட்கள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றுகின்றன. முள் இரண்டு எண்களுக்கு நடுவே நின்றால், எது கடந்துபோன எண்ணோ, அதாவது சின்னதோ, அதைத்தான் எழுதவேண்டும். "மேர்சி" என்று நன்றி சொன்னேன். அவள் என் பூட்ஸையும் புடவைக் கரையையும் பார்த்து, ஏதோ புனிதரை நினைத்துச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு போனாள். மூன்று நாள் கணக்கைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவது, மற்றதெல்லாம் அப்படியே இருப்பது. இதுதான் என் முறை. லேபில் பழகியது. ஒருநாள் விளக்குகளைப் பாதியாகக் குறைத்தேன். மீட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எங்கள் அம்மாக்கள் காலத்திலிருந்து "லைட்டை அணை, லைட்டை அணை" என்று கத்திக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கத்தலின் மதிப்பு நாளுக்கு ஒன்றரை யூனிட்டுக்குள்தான். ஒருநாள் இஸ்திரி போடவில்லை. ஒருநாள் மின்சார ஓவனைத் தொடவில்லை. ஒருநாள், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, செடியைச் சமையலறைக்குத் தூக்கி வந்துவிட்டுச் சின்ன அறை ஹீட்டரை அடியோடு அணைத்தேன். குறைந்தது மூன்று யூனிட். மற்ற அறைகளிலிருந்து கதவிடுக்கு வழியாகச் சூடு அங்கே போய்க்கொண்டுதான் இருந்தது.

மூன்று யூனிட் என்பது ஒன்றுமில்லாதது அல்ல. அதையும் எழுதிவைத்தேன். ஆனால் எங்கள் ஒருநாள் செலவு எழுபதுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் பெரும்பங்கு வீட்டின் சூடு. அதற்கு ஜனவரி மாதத்தைத்தான் குற்றம் சொல்லமுடியும். அதைக் கழித்த பிறகும் ஏதோ ஒன்று, தினமும் காலையில், பெரிய வாயாகத் திறந்து தின்றுகொண்டிருந்தது. அது என்ன என்றுதான் தெரியவில்லை.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், அவர் குளிக்கப் போயிருந்தார். கால் மணி நேரத்துக்கு வீட்டை முழுக்க அணைத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. எல்லா ஹீட்டர்களையும் திருகி மூடினேன். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். கடிகார ரேடியோவைக்கூட விடவில்லை. இனி மீட்டர் சக்கரம் நின்றே ஆகவேண்டும் என்று கீழே இறங்கினேன்.

சக்கரம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது தலைக்கு மேலே, ஆவி போவதற்காக ஒரு விரல் அளவு திறந்திருந்த குளியலறை ஜன்னலிலிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. அவர் சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கணவருக்கு அது சின்ன வயதுப் பழக்கம். குளிக்கும்போதே சுலோகம் சொல்லிவிடுவார். தண்ணீர் விழ ஆரம்பிக்கும்போது தொடங்கி, சொல்லி முடித்த பிறகுதான் குழாயை மூடுவார். நடுவில் நிறுத்துவது தெய்வக் குற்றம். மெட்ராஸில் அது வாளித் தண்ணீர். கிணற்றடியில் எவ்வளவு நேரம் சொன்னாலும் யாருக்கு என்ன நஷ்டம்? இங்கே தலைக்கு மேலே ஷவர், அதில் வெந்நீர்.

சுலோகம் நின்றது. சக்கரம் நிற்கவில்லை. முதலில் எனக்குக் குழப்பமாக இருந்தது. மேலே ஓடிப்போய் நடைவழியில் இருந்த அலமாரியைத் திறந்தேன். எங்கள் வெந்நீர்த் தொட்டி அதற்குள்தான் நிற்கும், ஆளுயரத்துக்கு, வெள்ளை டிரம் மாதிரி. காதை வைத்தேன். உள்ளே உஸ்ஸென்று சத்தம். காலியான தொட்டியில் ஐஸ் போன்ற புதுத் தண்ணீர் இறங்கி, அது மறுபடி சூடாகிக்கொண்டிருந்தது. அவர் காப்பி குடித்து, பேப்பர் படித்து முடிக்கும்வரை சூடாகிக்கொண்டே இருந்தது.

மறுநாளிலிருந்து லேபில் மாலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். அடுத்த ஆறு நாளும், குளியலுக்கு முன் ஒருமுறை, தொட்டியின் சத்தம் அடங்கியபின் ஒருமுறை மீட்டரைப் படித்தேன். இடையில் நடைவழியில் உட்கார்ந்து, மடியில் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு காய் நறுக்கினேன். டயரியில் இருக்கிறது: பிள்ளையாருக்கு மூன்று நிமிடம். முருகனுக்கு ஏழு. அம்பாளுக்கு ஒன்பது. அனுமாருக்கு ஐந்து. கோடையில் பக்தி அம்பாளோடு முடிந்துவிடும் என்பது என் ஞாபகம். அனுமாரும், அவருக்குப் பின்னால் வந்த நவக்கிரகங்கள் ஒன்பதும் குளிர்காலத்துக்கென்று சேர்ந்துகொண்டவர்கள். சராசரி முப்பத்து மூன்று நிமிடம். கதவுக்கு வெளியே பள்ளிக்கூடப் பையோடு நின்று மகள் "வீத், அப்பா, வீத்! சீக்கிரம்! பஸ் வந்துடும்!" என்று தட்டினால், சீக்கிரம் முடிப்பதற்குப் பதிலாகச் சத்தத்தைக் கூட்டுவார். ஒரு குளியலுக்கு ஒன்பது யூனிட். மூன்று கறிவேப்பிலைச் செடிகளைத் தாராளமாக வளர்க்கலாம்.

இரண்டு வாரம் முடிந்த ஞாயிறு பதினொரு மணிக்கு லாசால்காரர்கள் வந்தார்கள். பேராசிரியர் கையில் அட்டைப் பெட்டி, அவர் மனைவி கையில் செடியைப் போர்த்த ஒரு கம்பளிச் சால்வை.

"செடி ரெடியா?" என்றார் அந்த அம்மாள். கண்கள் அப்போதே சின்ன அறைப் பக்கம் போய்விட்டன. "எங்க வீட்டுல மிளகாய்கூட வறுத்து வச்சுட்டுதான் வந்தேன்."

"முதல்ல இதைப் படிங்க" என்று டயரியைப் பேராசிரியரிடம் நீட்டினேன்.

அவர் நின்றபடியே படித்தார். ஒரு பக்கம் புரட்டினார். தோள் குலுங்க ஆரம்பித்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "டேய், வாடா இங்க. 'நவக்கிரகம், ஒன்பது நிமிடம். செவ்வாயில் சற்று இழுத்தார்.' இப்படி ஒரு ரீடிங்கை நான் எந்த ஜர்னல்லயும் பார்த்ததில்லடா!"

என் கணவர் டயரியைப் பிடுங்கிப் பார்த்தார். காதுவரை சிவந்தது. "சாமி கும்பிடறதுக்குக்கூட மீட்டர் வைப்பியா?"

"சாமிக்கு வைக்கலைங்க. வெந்நீருக்குத்தான் வச்சேன்."

"தண்ணி சுட வைக்கிறது ஒரு செலவா? அந்த ஹீட்டர் எவ்வளவு, வெறும் மூவாயிரம் வாட்ஸ்..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். மனதுக்குள் ஸ்லைடு ரூல் நகர்வது முகத்திலேயே தெரிந்தது. தப்பான கணக்கை அவரால் சகிக்கமுடியாது. தன்னுடையதாக இருந்தாலும். "மூணு மணி நேரம் ஓடுதா?"

"சனிக்கிழமை மூணே கால்."

"சரி, ஜட்ஜம்மா, தண்டனையைச் சொல்லுங்க" என்றார் பேராசிரியர்.

நான் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தேன். முந்தின நாள் வாங்கிவைத்த நீல பிளாஸ்டிக் வாளி, ஊரிலிருந்து வந்த பித்தளைச் சொம்பு. "சுலோகம் எவ்வளவு வேணா சொல்லட்டும். வெந்நீர் ஒரு வாளி."

"அது தரை துடைக்கிற வாளிடி!"

"புதுசு. ஸ்டிக்கர்கூட இன்னும் எடுக்கலை."

"இருபது வருஷம் வாளியில குளிச்சிட்டு, கப்பல் ஏறி இவ்வளவு தூரம் வந்தது மறுபடி வாளியில குளிக்கவா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார். மகள் வாளியை வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "ஜெ கன்யே! ஜெயிச்சாச்சு!" என்று குதித்தாள். ஜெயித்தது நான் என்றாலும், குளியலறை இனிக் காலையில் அவளுக்கு என்பதால் வெற்றியை அவள் எடுத்துக்கொண்டாள்.

என் கணவர் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. செடியும் மூன்று யூனிட் குற்றவாளிதான், அதனால் அதன் அறையும் அறுபதுக்கு இறங்கவேண்டும். அது நியாயம். நான் மறுக்கவில்லை. பேராசிரியரின் மனைவிக்கு இரண்டு இணுக்கு கிள்ளிக் கொடுத்தேன். டிசம்பருக்குப் பின் பொங்கலுக்குக்கூடக் கிள்ளாததால் பதினேழு மிச்சம். அவர் சால்வையை மடித்துக்கொண்டே பெட்டியைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

மறுநாளிலிருந்து வாளி. தண்ணீர் ஆறுவதற்குள் குளித்தாகவேண்டும் அல்லவா? நவக்கிரகங்கள் ஒரே மூச்சில் பன்னிரண்டு வீட்டையும் சுற்றிவந்தன. அனுமார் கடலைத் தாண்டுவதற்குள் சொம்பு வாளியின் அடியில் தட்டும். மொத்தம் எட்டு நிமிடம்.

தோற்றது அவருக்கு உறுத்தியிருக்கவேண்டும். அந்த வாரமே தன் பங்குக்கு ஒரு எஞ்சினியரிங் வேலையில் இறங்கினார். தொட்டியிலிருந்து சூடு சும்மா வெளியே போகிறது, அதைப் போர்த்தவேண்டும் என்றார். தொட்டியின் திருகையும் கொஞ்சம் குறைத்தார். போர்த்த என்ன இருக்கிறது என்று தேடி, கல்யாணச் சீராக வந்த பெரிய பவானி ஜமக்காளத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார், அளந்து வெட்டித் தைக்கச் சொல்லி.

இங்கேதான் என் முதல் பொய் வருகிறது.

சின்ன அறை அறுபதுக்கு இறங்கிய மூன்றாம் நாள் செடி இலையை உதிர்க்கத் தொடங்கியது. முதலில் நான்கு இலை, அடுத்த நாள் பதினொன்று. பதினேழு இணுக்கு பதினான்காயிற்று. அறுபது என்று ஒப்புக்கொண்டாயிற்று, திருகைத் தொடக்கூடாது. ஆனால் வீட்டில் காசில்லாமல் சூடாக இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அந்தத் தொட்டி அலமாரி. பகலில் செடியை ஜன்னலில் வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் தொட்டியின் தலைமேல் ஏற்றி வைத்தேன். அங்கேதான் சூடு அதிகம். ஜமக்காளத்தால் தலையையும் மூடிவிட்டால் அந்தச் சூடு போய்விடும். அதனால் சுற்றுக்கு மட்டும் தைத்துவிட்டு, மீந்த துண்டை என் புடவைகளுக்கு அடியில் ஒளித்தேன். டயரியில் எழுதினேன்: "ஜமக்காளம் போதவில்லை. தொட்டியின் மேற்பக்கம் மூடவில்லை."

அவரிடமும் அதையே சொன்னேன். "பவானி ஜமக்காளம் போதலையா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த பில் முந்தினதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்தது. அந்த இரண்டு மாதத்தில் குளிரும் சற்று குறைவு. அதையும் பக்கத்தில் குறித்துவைத்தேன். லாசாலுக்குப் போன் போட்டு என் கணவர், "தொட்டிக்கு இன்சுலேஷன் போட்டேன், அதான் சீக்ரெட்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டும் கேட்காததுபோல இருந்தேன். செடியில் புதிதாக இரண்டு கொழுந்து விட்டிருந்தது.

அதற்குப் பின் ஒரு காலை, செடியை ஜன்னலுக்கு எடுத்துப்போக அலமாரியைத் திறந்தேன். செடி தொட்டியின் தலைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் காப்பி டப்பாவைச் சுற்றி, நான் ஒளித்துவைத்த ஜமக்காளத் துண்டு, சிவப்பும் பச்சையும் கோடு தெரிய, மடிப்புக் கலையாமல் சுற்றியிருந்தது. மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப், மூன்று வரிசை, எஞ்சினியர் ஒட்டியது என்று பார்த்தாலே தெரியும் நேர்த்தி.

குளியலறையிலிருந்து சுலோகம் கேட்டது. பிள்ளையார், முருகன், அம்பாள். எட்டு நிமிடம் கடந்தது. குழாய் மறுபடி திறக்கும் சத்தம், வாளி நிறையும் சத்தம். அனுமார் நிதானமாகக் கடலைத் தாண்டினார்.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் வைத்தேன். அன்றைய பக்கத்தில் எழுதியிருப்பது: "குளியல், ஒரு வாளி."